சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: கேரவனோடு ஃபிரான்ஸ் போக மலிவான ஃபெரி பிடிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டி. இங்கிலாந்தில் அது காரின் வாலில் கட்டி இழுத்துப் போகும் குட்டி வீடு: கட்டில், அடுப்பு, சிங்க், மடித்து வைக்கும் மேசை. தஞ்சாவூரிலிருந்து எங்களைப் பார்க்க வந்த மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, வீட்டையே இழுத்துட்டுப் போகப் போறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் மாமா, கடல் தாண்டியும் இழுத்துப் போகலாம் என்றேன். அந்தக் கடலைத் தாண்ட ஆகும் செலவுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நாங்கள் இருப்பது ரெடிங்கில். முதல் வருடம் ஃபிரான்ஸின் மேற்குக் கரையிலுள்ள வான்டே கடற்கரைக்குப் போகத் திட்டம் போட்டோம். இணையத்தில் தேடியதில் இங்கிலாந்தின் டோவரிலிருந்து ஃபிரான்ஸின் காலே போகும் ஃபெரி, அதாவது வண்டிகளையும் ஏற்றிக்கொள்ளும் படகு, மற்றவற்றைவிட மலிவாகத் தெரிந்தது. யோசிக்காமல் வாங்கிவிட்டேன். காலேயில் இறங்கிய பிறகு ஃபிரான்ஸின் வடமேற்கு மூலை முழுவதையும் கேரவனோடு குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. டீசல், டோல், நடுவழியில் ஒரு இரவு கேம்ப்சைட், பின்சீட்டில் பிள்ளைகளின் சண்டை. ஊர் திரும்பியதும் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். போர்ட்ஸ்மத்திலிருந்து போகும் "விலை கூடிய" படகில் போயிருந்தால் பணமும் மிச்சம், ஒரு நாளும் மிச்சம். சுண்டைக்காயைக் கால் பணத்துக்கு வாங்கிவிட்டுச் சுமைகூலி முக்கால் பணம் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு நான் பின்பற்றும் வரிசைதான் கீழே இருப்பது.

படி 1: டிக்கெட் தளத்தைத் திறக்கும் முன் டேப்பை எடுங்கள்

ஃபெரி நிறுவனம் விற்பது கப்பல் தளத்தில் ஒரு நீளத்தை. வண்டி நீள நீளக் கட்டணம் ஏறும். எனவே முன்பதிவில் கேட்கப்படும் நீளம், உயரம் இரண்டையும் நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். கேரவன் விளம்பரத்திலோ கையேட்டிலோ இரண்டு நீளங்கள் இருக்கும். ஒன்று உட்புற நீளம், அதாவது நீங்கள் நடமாடும் இடம். இன்னொன்று 'ஷிப்பிங் லெங்த்'. காரில் மாட்டும் ஹிட்சின் நுனியிலிருந்து பின்பக்கக் கடைசி விளக்கு வரைக்குமான முழு நீளம் அது. இரண்டுக்கும் ஒன்றரை மீட்டர் வரைகூட வித்தியாசம் வரும். ஃபெரிக்கு வேண்டியது இரண்டாவது. நான் முதல் வருடம் உட்புற நீளத்தைப் போட்டுவிட்டேன். செக்-இன் சாவடியில் ஒருவர் அளவுகோலோடு வந்தார், பார்த்தார், சிரித்தார். வித்தியாசத் தொகையை அன்றைய விலையில் கட்டினேன். அன்றைய விலை என்பது முன்பதிவு விலை அல்ல என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது வீட்டு வாசலில் காரோடு கேரவனை மாட்டி, காரின் முன்பம்பருக்கு நேராகவும் கேரவனின் பின்முனைக்கு நேராகவும் தரையில் சாக்பீஸ் கோடு போடுவோம். ஒரு நுனியை மனைவி பிடிக்க, நான் டேப்பை இழுத்துக்கொண்டு போவேன். காரை மட்டும் தனியாக, கேரவனை மட்டும் தனியாக, இரண்டையும் சேர்த்து என்று மூன்று எண்களைக் குறித்துக்கொள்வோம். சில தளங்கள் தனித்தனியாகக் கேட்கும், சில மொத்தமாகக் கேட்கும்.

கேரவனின் பின்னால் சைக்கிள் ரேக் மாட்டியிருந்தால் அதுவும் நீளம்தான். அதே சைக்கிள்களைக் கேரவனுக்குள்ளேயோ கார் கூரையிலோ ஏற்ற முடிந்தால் நீளத்துக்கான காசு மிச்சம். எடை வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தில் கூரை மேலிருக்கும் ஆன்டெனா, ஏசி மூடி எல்லாமே சேரும்.

இன்னொன்று. கார்கள் போகும் தாழ்வான தளத்தில் கேரவன் நுழையாது, லாரிகளோடுதான் நிற்க வேண்டும். அந்த இடம் குறைவு. காருக்கு மட்டும் தேடினால் இடம் காட்டும் பயணம், கேரவனைச் சேர்த்ததும் 'நிரம்பிவிட்டது' என்று சொல்வது அதனால்தான். காரை மட்டும் போட்டு விலை பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள்.

படி 2: போகும் ஊர்தான் துறைமுகத்தை முடிவு செய்யும்

ஃபிரான்ஸ் வரைபடத்தை விரித்துவைத்து, தங்கப்போகும் கேம்ப்சைட்டில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கீழே உள்ள வழிகளைப் பாருங்கள்.

டோவர் – காலே: சுமார் ஒன்றரை மணி நேரம். பி அண்ட் ஓ, டிஎஃப்டிஎஸ், 2021 முதல் ஐரிஷ் ஃபெரீஸ் என மூன்று நிறுவனங்கள் ஓடுகின்றன. மூவர் போட்டி போடுவதால்தான் இங்கே டிக்கெட் மலிவு. ஒரு நாளில் பல பயணங்கள் உண்டு, ஒன்றைத் தவறவிட்டாலும் உலகம் முடிந்துவிடாது. கிழக்கு ஃபிரான்ஸ், அல்சாஸ், ஆல்ப்ஸ் போகிறவர்களுக்கு இதைவிடச் சரியான வழி இல்லை.

டோவர் – டன்கர்க்: டிஎஃப்டிஎஸ், சுமார் இரண்டு மணி நேரம். பல நாட்களில் காலேயைவிட விலை குறைவாகக் கிடைக்கும். டன்கர்க்குக்கும் காலேக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர்தான், அந்த ஏ16 சாலையில் டோல் கிடையாது. பெல்ஜியம் பக்கம் போனால் டன்கர்க்கே மேல்.

நியூஹேவன் – டியெப்: டிஎஃப்டிஎஸ், சுமார் நான்கு மணி நேரம். பலர் மறந்துவிடும் வழி, எனக்குப் பிடித்த வழி. இதற்குப் பின்னால் ஃபிரான்ஸின் சென்-மாரிட்டீம் உள்ளாட்சி நிர்வாகத்தின் பணம் இருக்கிறது. இங்கே ஓடும் 'செவன் சிஸ்டர்ஸ்', 'கோட் டல்பாத்ர்' என்ற இரண்டு கப்பல்களும் 2006இல் வந்தவை. பெரிய சொகுசு எதிர்பார்க்க வேண்டாம். டியெப்பில் இறங்கினால் ரூவான் சுமார் 60 கிலோமீட்டர். பாரிஸ் பக்கமோ லுவார் பள்ளத்தாக்குக்கோ போவதற்கு நல்ல தொடக்கம். இரவுப் படகு மலிவாக இருக்கும், ஆனால் விடியற்காலையில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் எந்தக் கேம்ப்சைட்டும் கதவு திறக்காது.

போர்ட்ஸ்மத் – கேன்: பிரிட்டனி ஃபெரீஸ், பகலில் சுமார் ஆறு மணி நேரம். படகு உண்மையில் நிற்பது கேன் நகரத்தில் அல்ல, அதற்கு 15 கிலோமீட்டர் வடக்கே விஸ்திரெயாம் என்ற கடற்கரை ஊரில். நார்மண்டி, பிரிட்டனி, வான்டே, அட்லாண்டிக் கரை முழுவதற்கும் இது ராஜவழி. காரணம் ஏ84 சாலை. கேனிலிருந்து ரென் வரை ஒரு பைசா டோல் இல்லாமல் போகலாம்.

போர்ட்ஸ்மத் – சான் மாலோ: போகும்போது இரவுப் பயணம். பிரிட்டனி வாசலில் காலையில் இறங்கலாம். கேபின் செலவைச் சேர்த்தால் விலை கூடும், ஆனால் ஒரு இரவு கேம்ப்சைட் வாடகை கழியும்.

பூல் – ஷெர்பூர் சுமார் நாலரை மணி நேரம், பிளிமத் – ரோஸ்காஃப் பகலில் சுமார் ஆறு மணி நேரம். பிரிஸ்டல், எக்ஸிடர் பக்கம் இருப்பவர்கள் டோவரை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், இந்த இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். இவையும் பிரிட்டனி ஃபெரீஸ்தான். இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் பிரிட்டனி விவசாயிகள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தங்கள் காலிஃபிளவரையும் ஆர்ட்டிசோக்கையும் இங்கிலாந்து சந்தைக்கு அனுப்ப அவர்களுக்குக் கப்பல் வேண்டியிருந்தது. 1973 ஜனவரியில் ரோஸ்காஃபிலிருந்து பிளிமத்துக்கு முதல் கப்பல் விட்டார்கள். விடுமுறைப் பயணிகள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவர்கள்.

ஃபோக்ஸ்டன் – காலே சுரங்க ரயிலும் உண்டு. 35 நிமிடத்தில் அக்கரை. அவசரக்காரர்களுக்கும் கடலில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது, பர்ஸுக்குப் பெரும்பாலும் நல்லதல்ல. லீட்ஸ், யார்க் பக்கம் இருந்துகொண்டு கிழக்கு ஃபிரான்ஸ் போகிறவர்கள் ஹல் – ராட்டர்டாம் இரவுப் படகின் விலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இங்கிலாந்தின் தெற்கு முனைவரை கேரவனை இழுத்து வருவதும் செலவுதானே.

படி 3: வீட்டு வாசலிலிருந்து பிட்ச் (கேம்ப்சைட்டில் கேரவன் நிறுத்தும் இடம்) வரை ஒரு கணக்கு

இந்தப் படிதான் உயிர். ஒவ்வொரு வழிக்கும் ஐந்து எண்களைக் கூட்டுங்கள்: டிக்கெட், இங்கிலாந்துப் பக்கத்து எரிபொருள், ஃபிரான்ஸ் பக்கத்து எரிபொருள், டோல், நடுவழித் தங்கல் (அல்லது கேபின்).

எங்கள் வான்டே பயணத்தையே எடுத்துக்கொள்வோம். போன ஊர் சான் ஜான் டி மோன். காலேயிலிருந்து அங்கே ஏறக்குறைய 690 கிலோமீட்டர். விஸ்திரெயாமிலிருந்து ஏறக்குறைய 385. அந்தப் பக்கம் மட்டும் 300 கிலோமீட்டர் கூடுதல். இந்தப் பக்கம் ரெடிங்கிலிருந்து போர்ட்ஸ்மத் 60 மைல், டோவர் 120 மைல். அதாவது இன்னொரு 100 கிலோமீட்டர். கேரவன் இழுக்கும்போது எங்கள் டீசல் கார் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கிறது. ஆக 400 கிலோமீட்டருக்கு 48 லிட்டர், போக வர 96 லிட்டர். லிட்டர் 1 பவுண்டு 45 பென்ஸ் என்று வைத்தால் 139 பவுண்டு. நடுவழியில் போகும்போது ஒரு இரவு, வரும்போது ஒரு இரவு, இரவுக்கு 25 பவுண்டு என்றால் 50. மொத்தம் 189 பவுண்டு. இன்னும் டோல் சேர்க்கவில்லை.

ஆக, போர்ட்ஸ்மத் டிக்கெட் போக வர டோவரைவிட 200 பவுண்டு கூடுதலாக இருந்தால்கூட எங்களுக்கு நஷ்டமில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் டோவர் பற்றி யோசிப்பேன். இந்த ஒரு எண் கையில் இருந்தால் விலைப் பட்டியல்களைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. உங்கள் வீடு, உங்கள் ஊர், உங்கள் காரின் குடி, மூன்றையும் வைத்து உங்கள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இதே கணக்கை ஆல்ப்ஸ் போக நினைத்த ஆண்டு போட்டேன், டோவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்தது.

டோல் கணக்குப் போடும்போது ஒன்று கவனியுங்கள். ஃபிரான்ஸ் நெடுஞ்சாலைகளில் உயரம் 2 மீட்டருக்குள் உள்ள சாதாரண கார் முதல் வகுப்பு. கேரவன் மாட்டியதும் உயரம் 2 மீட்டரைத் தாண்டுவதால் இரண்டாம் வகுப்பு ஆகிவிடும். கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டோல் இல்லாத சாலைகளும் உண்டு: காலேயிலிருந்து பூலோன் வரை ஏ16, அபேவில்லிலிருந்து ரூவான் வரை ஏ28, மேலே சொன்ன ஏ84. மத்திய ஃபிரான்ஸ் வழியாகத் தெற்கே இறங்குபவர்களுக்கு ஏ75, அதில் மியோ மேம்பாலத்துக்கு மட்டும் கட்ட வேண்டும். பிரிட்டனிக்குள் நுழைந்துவிட்டால் பெரிய சாலைகளில் டோலே கிடையாது.

பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13இல் 2024 முதல் டோல் சாவடிகளே இல்லை. கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நீங்களாகவே கட்ட வேண்டும். விடுமுறை மயக்கத்தில் மறந்தால் அபராதம் வீடு தேடி வரும். இங்கிலாந்துப் பக்கத்திலும் எசெக்ஸிலிருந்து டோவருக்கு இறங்குபவர்களுக்கு டார்ட்ஃபோர்ட் பாலம் உண்டு. காருக்கு 3 பவுண்டு 50 பென்ஸ், கேரவனுக்குத் தனியாக இல்லை. மறுநாள் நள்ளிரவுக்குள் கட்டிவிடுங்கள்.

வேகமும் கணக்கில் வரும். காரும் கேரவனும் சேர்ந்த அனுமதி எடை 3.5 டன்னைத் தாண்டினால் ஃபிரான்ஸ் நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். மூன்று லேன் உள்ள சாலையில் 7 மீட்டருக்கு மேல் நீளமான வண்டி இடது ஓர லேனில் போகக் கூடாது. மேலே சொன்ன 300 கிலோமீட்டர் என்பது சிறுநீர் இடைவேளைகளோடு நாலரை மணி நேரம்.

படி 4: நாளையும் நேரத்தையும் நகர்த்திப் பாருங்கள்

ஒரே படகு, ஒரே கேரவன், மூன்று நாள் முன்னே பின்னே போனால் விலை தலைகீழாக மாறும். வெள்ளி, சனி போகிறவர்கள் அதிகம், எனவே விலையும் அதிகம். செவ்வாய், புதன் மலிவு. நடுப்பகல் படகைவிட அதிகாலை, பின்னிரவுப் படகுகள் மலிவு.

இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை ஜூலை கடைசி வாரத்தில் தொடங்கும். ஸ்காட்லாந்தில் ஜூன் கடைசியிலேயே தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். கிளாஸ்கோ, எடின்பரோ தமிழர்கள் ஜூலை முதல் இரண்டு வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், நாங்கள் பொறாமைப்படத்தான் முடியும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு ஜூனும் செப்டம்பரும் சொர்க்கம்.

ஃபிரான்ஸ் சாலைகளின் நெரிசலை 'பிசோன் ஃபியூத்தே' என்ற அரசுச் சேவை பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகள் பெரும்பாலும் சிவப்பாகவோ கறுப்பாகவோ வரும். அந்த நாளில் கேரவனோடு சாலையில் இருக்கவே வேண்டாம். நான் விரும்புவது ஞாயிறு. சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஃபிரான்ஸில் ஓடத் தடை. கேரவன் இழுக்கிறவனுக்கு லாரி இல்லாத சாலை எப்படிப்பட்ட வரம் என்பது, ஒரு லாரி பக்கத்தில் சீறிப் போகும்போது கேரவன் ஆடுவதை உணர்ந்தவர்களுக்குத் தெரியும்.

கோடைக்கால இடங்களை முந்தைய இலையுதிர்காலத்திலேயே திறப்பார்கள். கேரவன் இடம் குறைவு என்று சொன்னேன் அல்லவா? அதனால் கடைசி நிமிடத்தில் விலை இறங்கும் என்று காத்திருப்பது விமான டிக்கெட்டுக்கு வேண்டுமானால் பலிக்கும், இங்கே வேண்டாம். டோவரில் மட்டும் சீசன் இல்லாத மாதங்களில் துணிந்து காத்திருக்கலாம்.

படி 5: மூன்று இடத்தில் விலை கேளுங்கள்

முதலில் ஃபெரி நிறுவனத்தின் சொந்தத் தளம். இரண்டாவது, பல நிறுவனங்களையும் ஒப்பிடும் தளம். அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன். சிக்கல் வந்தால் நிறுவனம் 'தரகரிடம் கேள்' என்று சொல்லும், தரகர் 'நிறுவனத்திடம் கேள்' என்பார். மூன்றாவது, கேரவன் சங்கங்கள். 1901இல் தொடங்கிய கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப், 1907இல் தொடங்கிய கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் இரண்டும் உறுப்பினர்களுக்குப் பேசி வைத்த விலையில் ஃபெரி டிக்கெட் விற்கின்றன. ஒரே பயணத்தில் சந்தாப் பணம் திரும்பி வரலாம். கேம்ப்சைட்டையும் சேர்த்து வாங்கினால் இன்னும் குறையக்கூடும். பிரிட்டனி ஃபெரீஸில் அடிக்கடி போகிறவர்களுக்கு ஆண்டுச் சந்தாத் திட்டம் தனியாக உண்டு. வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்கள் சந்தாவைக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போக வர ஒரே டிக்கெட்டாக வாங்குவது எப்போதும் மலிவு என்று நம்ப வேண்டாம். இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளாகவும் போட்டுப் பாருங்கள். நாங்கள் ஒரு வருடம் டியெப்பில் இறங்கி, மெதுவாக மேற்கே நகர்ந்து, விஸ்திரெயாமில் கப்பல் ஏறினோம். வந்த வழியே திரும்பும் அலுப்பும் இல்லை. சீசன் அல்லாத காலத்தில் கேரவனுக்குத் தனிக் கட்டணம் வாங்காத சலுகைகள் அவ்வப்போது தலைகாட்டும், மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்து வைப்பது இதற்கு மட்டும் பயன்படும்.

படி 6: டிக்கெட்டின் நெகிழ்வும் விசாவும்

டிக்கெட்டில் பொதுவாக மாற்றவே முடியாதது, காசு கட்டி மாற்றக்கூடியது, இலவசமாக மாற்றக்கூடியது என்று வகைகள் இருக்கும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பம் மலிவானதை வாங்கலாம். பாஸ்போர்ட் வழங்கப்பட்டு 10 வருடம் ஆகாமலும், திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது மிச்சமிருந்தும் இருக்க வேண்டும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் இங்கே வேலை பார்ப்பவர்கள் நிலைமை வேறு. உங்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறைந்து கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழ் இலவசம். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. சிக்கல் எங்கே என்றால், விசாவுக்குப் பயணத் திட்டத்தைக் காட்ட வேண்டும், விசா வரும்வரை பயணம் உறுதியில்லை. கோடைக்கு முன் நேர்காணல் நாள் கிடைப்பதே பெரும்பாடு. எனவே நீங்கள் வாங்க வேண்டியது மாற்றக்கூடிய டிக்கெட். பத்திருபது பவுண்டு மிச்சம் பிடிக்கப்போய் முழுத் தொகையையும் இழந்த நண்பர்கள் எனக்கு இருவர் உண்டு.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகை, முகப்படம் பதியும் புதிய முறை படிப்படியாக வந்தது. டோவரிலும் ஃபோக்ஸ்டனிலும் ஃபிரெஞ்சு அதிகாரிகள் இங்கிலாந்து மண்ணிலேயே சோதிப்பார்கள், வரிசை நீண்டால் படகு போய்விடும். போர்ட்ஸ்மத், நியூஹேவன், பூல், பிளிமத் வழியாகப் போனால் அந்தச் சோதனை அக்கரையில் இறங்கிய பிறகு. அங்கே தாமதமானாலும் தவறவிட உங்களுக்குப் படகு இல்லை.

படி 7: காஸ், தயிர், கறிவேப்பிலை

காஸ் சிலிண்டர் எத்தனை, எவ்வளவு எடை என்பதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வரம்பு உண்டு, நிபந்தனையைப் படித்துவிடுங்கள். சுரங்க ரயிலில் ஒரு சிலிண்டர் என்றால் 47 கிலோ வரை, ஒன்றுக்கு மேல் என்றால் மொத்தம் 50 கிலோ வரை. சாதாரணக் கேரவனுக்கு இது தாராளம். ஆனால் எல்பிஜியில் ஓடும் காரை அங்கே ஏற்ற மாட்டார்கள். ஃபெரியோ ரயிலோ, வால்வை மூடிவிட்டுத்தான் ஏற வேண்டும். இங்கிலாந்தின் கேலர் நிறுவனத்துச் சிலிண்டரை ஃபிரான்ஸில் மாற்றித் தர மாட்டார்கள் என்பதால் புறப்படும்போதே நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேரவனில் குளிர்பெட்டி இருக்கிறதே என்று கோழிக் குழம்பும் தயிரும் நிரப்பிப் போகும் நம் வழக்கம் இங்கே செல்லாது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பனீரும் அதில் சேர்த்தி. காய்கறி, பழம், இலைக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். விலக்குப் பெற்றவை ஐந்தே ஐந்து: வாழைப்பழம், அன்னாசி, தேங்காய், டுரியன், பேரீச்சை. சட்டம் எழுதியவர் நம்மூர்க்காரரோ என்று தேங்காய் விஷயத்தில் சந்தேகம் வரும். கறிவேப்பிலையைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் போய்விடும். அரிசி, பருப்பு, பொடி வகைகள் பிரச்சினை இல்லை. குழந்தைக்கான பால்பவுடருக்கு விலக்கு உண்டு. மற்றதை அங்கே வாங்கிக்கொள்ளலாம், காலே அருகே சிட்டே ஈரோப் வளாகத்திலேயே பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் நிறுத்துமிடங்களின் வாசலில் 2 மீட்டர் உயரத் தடுப்புக் கம்பி இருக்கும், கேரவனோடு திரும்பும் முன் தலையைத் தூக்கிப் பாருங்கள்.

படி 8: துறைமுகத்தில்

கேரவனின் பின்பலகையில் காரின் நம்பரும், நம்பர் பலகையிலேயே 'யுகே' அடையாளம் இல்லையென்றால் 'யுகே' ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். பழைய 'ஜிபி' ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது. முக்கோண எச்சரிக்கைப் பலகையும், ஆளுக்கொரு ஒளிரும் மேலாடையும் காருக்குள் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வரிசையில் நிற்கும்போதே கேரவனின் முன்முனையிலுள்ள சிறு சக்கரமான ஜாக்கி வீல் முழுதும் மேலே ஏறியிருக்கிறதா, அதன் நான்கு மூலைக் கால்களும் மடங்கியிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். கப்பல் சாய்தளத்தில் ஏறும் இடத்தில்தான் அடிப்பகுதி உரசும். கேரவனுக்காகக் காரின் பக்கவாட்டில் கூடுதலாக மாட்டிய நீட்டுக் கண்ணாடிகளைக் கழற்றிவிடுங்கள், உள்ளே இடம் அவ்வளவு குறுகல். சாய்தளத்தில் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏற வேண்டும். உள்ளே நின்றதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, காரிலும் கேரவனிலும் திருட்டு அலாரத்தை அணையுங்கள். கப்பல் ஆடினால் அது அலறும், ஒலிபெருக்கியில் உங்கள் வண்டி நம்பரை வாசிப்பார்கள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் நம்பரை வாசித்திருக்கிறார்கள்.

பயணத்தின்போது வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், கேரவனில் படுத்துத் தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம். மாத்திரை, போர்வை, பிள்ளைகளின் புத்தகம், சாப்பாட்டு டப்பா எல்லாம் ஒரு பையில் கையோடு வரட்டும். புளியோதரையோடு மேல்தளத்தில் உட்கார்ந்தால் கப்பல் கேன்டீன் செலவும் மிச்சம்.

படி 9: இறங்கிய முதல் இரவு

ஃபிரான்ஸ் முழுக்க 'ஏர்' என்ற மலிவான தங்குமிடங்கள் உண்டு என்று படித்துவிட்டு நம்பிப் போகாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மோட்டார்ஹோமுக்கு (தானே ஓடும் வீட்டு வண்டிக்கு) மட்டும், கேரவனை விட மாட்டார்கள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் தூங்குவது இலவசம்தான், திருட்டுப் பயத்தோடு. மாலையில் இறங்கும் படகு என்றால் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கேம்ப்சைட்டை முன்பதிவு செய்யுங்கள், வரவேற்பறை எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டுவிடுங்கள். ஃபிரான்ஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதை இந்தக் கணக்கில்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அதிகாலைப் படகு என்றால் டோவருக்கோ ஃபோக்ஸ்டனுக்கோ பக்கத்தில் முந்தைய இரவே தங்குவது நல்லது. எம்20 நெடுஞ்சாலையில் லாரிகளை வரிசையில் நிறுத்திவைக்கும் 'ஆபரேஷன் பிராக்' போட்டிருந்தால் கடைசி 20 மைல் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திரும்பும்போதும் குளிர்பெட்டியைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குள்ளும் மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை. போன முறை விஸ்திரெயாம் வரிசையில் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. மகளும் நானும் காருக்குள் உட்கார்ந்து, ரொட்டிகூட இல்லாமல், ஒரு முழு கமாம்பேர் பாலாடைக்கட்டி வட்டத்தைத் தின்று முடித்தோம்.